ராபர்ட் பாஷ்: தீப்பொறி முதல் இன்ஜெக்ஷன் வரை ஒரு வாழ்க்கை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். இந்த ரோட்டில் தினமும் காலேஜ் வந்து போகிறவர் நீங்கள் என்றால் பைபாஸ் ஓரத்து லாரிப் பட்டறைகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவற்றுக்கு நடுவே டீசல் பம்ப், நாசில் சர்வீஸ் என்று ஒரு போர்டு இருக்கும். உள்ளே போய் வயசான மெக்கானிக் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்க. பழைய லேலண்ட், டாடா வண்டி பம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வார். அதே மாதிரி பெட்ரோல் வண்டி பிளக்குக்கு மைக்கோ பிளக்.

மைக்கோ என்பது 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர். முதலில் ஸ்பார்க் பிளக், பிறகு டீசல் பம்ப் என்று செய்துவந்த அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. ஜெர்மனியின் பாஷ் குழுமம்தான் அதன் தாய் வீடு.

ஆக, பாஷ் என்பது உங்களுக்கு ஒரு கம்பெனிப் பெயர். டிரில்லிங் மெஷினில், வாஷிங் மெஷினில், கேம்பஸ் பிளேஸ்மெண்ட் நோட்டீசில் பார்த்த பெயர். ஆனால் அது ஒரு மனிதரின் பெயரும்தான். அவர் 1942-லேயே இறந்துவிட்டார். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இக்னிஷனுக்கும் ஃபியூவல் இன்ஜெக்ஷனுக்கும் ஒயரிங் செய்ய யாராவது இன்றைக்கு உட்கார்ந்தால், அவர் கைவைக்கிற பாகங்களில் பாதிக்கு மேல் இந்த மனிதரின் பட்டறை வாசலைத் தாண்டி வந்தவையாகத்தான் இருக்கும். அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சத்திரக்காரர் வீட்டுப் பிள்ளை

1861 செப்டம்பர் 23. தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் அல்பெக் என்று ஒரு ஊர். அங்கே ராபர்ட் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது. அப்பா செர்வேஷியஸ் பாஷ் விவசாயி; கூடவே வண்டிப்பாதையில் ஒரு சத்திரமும் நடத்தினார். விக்கிரவாண்டி பக்கம் நம்ம ஹைவே ஹோட்டல்களில் பஸ் நிற்கிற மாதிரி, அங்கே சரக்கு வண்டிக்காரர்கள் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள்.

1869-ல் அப்பா சொத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு உல்ம் நகரத்துக்குப் போனார். ராபர்ட் அங்கே பள்ளியில் படித்தார். படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை. 1876-ல் மூன்று வருடத் தொழில் பயிற்சிக்குச் சேர்ந்தார். நுண்கருவிகள் செய்யும் வேலை. ஆனால் அந்தப் பட்டறை முதலாளி சொல்லிக்கொடுப்பதில் அக்கறை காட்டாதவர். மூன்று வருடத்தில் கற்றது கொஞ்சம்தான் என்ற வருத்தம் ராபர்ட்டுக்குக் கடைசிவரை இருந்தது. பின்னாளில், 1913-ல், தன் தொழிற்சாலையில் பயிற்சிப் பையன்களுக்கென்றே தனிப் பட்டறை ஒன்றை அமைத்தார். தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்குக் கிடைக்கட்டும் என்ற நினைப்பு அதில் இருந்திருக்க வேண்டும்.

வார்த்தைகளைக் கண்டு பயம்

பயிற்சி முடிந்ததும் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார். நடுவில் ஒரு வருடம் ராணுவ சேவை. நியூரம்பெர்க்கில் ஷுக்கர்ட் கம்பெனியில் மின்சாரச் சாதன வேலை. அதற்கு மேல் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கை வேலை தெரியும். ஆனால் இன்ஜினியர்கள் பேசுகிற சொற்கள் புரியவில்லை. வோல்டேஜ் என்றால் என்ன, கரண்ட் என்றால் என்ன என்பதே அவருக்குத் தெளிவாக இல்லை.

அதனால் 1883-ல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார். பட்டம் வாங்குவதற்காக அல்ல. வெளி மாணவராகக் கொஞ்ச காலம் பாடம் கேட்டார், அவ்வளவுதான். கணக்கில் தான் கெட்டிக்காரன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கலைச்சொற்களைக் கண்டு வரும் பயம் போனால் போதும் என்பதுதான் அவருடைய குறிக்கோள். அந்தப் பயம் போனது என்று அவரே பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து திகைத்தவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்க. 140 வருடத்துக்கு முன்னால், அதுவும் தன் சொந்தத் தாய்மொழியில் நடந்த வகுப்பில், பாஷுக்கும் அதே திகைப்பு இருந்திருக்கிறது.

1884-ல் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். நியூயார்க்கில் சிக்மண்ட் பெர்க்மனின் பட்டறையிலும் எடிசன் மெஷின் ஒர்க்ஸிலும் வேலை. அங்கே தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். வேலையில்லாமல் அலைந்த நாட்களும் உண்டு. மறு வருடம் லண்டன் வந்து சீமென்ஸ் பிரதர்ஸ் கம்பெனியில் கொஞ்ச காலம். பிறகு ஊர் திரும்பினார்.

கடனில் ஓடிய பட்டறை

1886 நவம்பர் 15. ஸ்டுட்கார்ட்டில் ரோட்டபூல் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் சொந்தப் பட்டறை திறந்தார். நுண்கருவி, மின்சாரப் பொறியியல் பட்டறை என்று போர்டு. வயது 25. கையில் அப்பா வழியில் வந்த 10,000 மார்க். வேலைக்கு ஒரு மெக்கானிக், ஓடியாட ஒரு பையன். வந்த வேலையெல்லாம் செய்தார்கள்: டெலிபோன், மின்சார மணி, அது இது என்று எதுவானாலும் சரி.

அடுத்த வருடம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். டாய்ட்ஸ் கம்பெனி இன்ஜினில் இருப்பது போல ஒரு மேக்னட்டோ தனக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டார். பக்கத்தில் ஷோர்ன்டோர்ஃப் ஊரில் அப்படி ஒரு இன்ஜின் இருப்பது தெரிந்து பாஷ் நேரில் போய்ப் பார்த்தார். அதற்குக் காப்புரிமை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்று உறுதியானதும் அதைக் கொஞ்சம் மேம்படுத்திச் செய்து கொடுத்தார்.

கவனியுங்க: மேக்னட்டோவை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்றை நம்பகமாகச் செய்தார். அவருடைய வாழ்க்கை முழுக்க இதே கதைதான்.

மேக்னட்டோ என்றால் என்ன? காந்தங்களுக்கு நடுவே கம்பி சுற்றிய ஆர்மச்சூர் அசைகிறது. ஃபாரடே விதிப்படி கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அந்தச் சுற்றைச் சரியான நொடியில் அறுத்தால் பொறி பறக்கும். அந்தக் காலத்து மேக்னட்டோவில் சிலிண்டருக்கு உள்ளேயே ஒரு ஜோடி காண்டாக்ட் இருக்கும். ஒரு நெம்பு அதைப் பிரிக்கும்போது பொறி வந்து கேஸைப் பற்றவைக்கும். பேட்டரி தேவையில்லை. அந்த நாளில் அது பெரிய விஷயம். அன்றைய பேட்டரி பாதி வழியில் தீர்ந்துவிடும். டெய்ம்லர் பயன்படுத்திய இன்னொரு வழி, ஒரு குழாயை வெளியிலிருந்து தீ வைத்துப் பழுக்கக் காய்ச்சுவது. பெட்ரோல் வண்டியில் எரியும் விளக்கு! ஆபத்து எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்க.

நல்ல பொருள் கையில் இருந்தும் பட்டறை திண்டாடியது. அன்றைக்கு இன்ஜின்களே கொஞ்சம்தான். அம்மாவும் உறவினர்களும் கடனுக்கு ஜாமீன் நின்றார்கள். 1887-ல் அன்னா கைசரைக் கல்யாணம் செய்திருந்தார், வரிசையாகக் குழந்தைகள். செலவைக் குறைக்க சைக்கிளில் போய் வாடிக்கையாளர்களைப் பார்த்தார். 1892-ல் நிலைமை முற்றி, இருந்த 24 பேரில் இரண்டு பேரைத் தவிர எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஸ்டார்ட்-அப் என்ற சொல்லை இன்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். ஆறாவது வருடத்தில் இருபத்திரண்டு பேர் முகத்தைப் பார்த்து வேலை இல்லை என்று சொல்வதும் அதில் ஒரு பகுதி.

நிமிர்வதற்குக் கைகொடுத்தது மேக்னட்டோ இல்லை, வீட்டு ஒயரிங். 1895-ல் ஸ்டுட்கார்ட்டில் மின் நிலையம் வந்தது. ஊர் முழுக்க மின் இணைப்பு வேலை. பட்டறை மூச்சுவிட்டது.

வினாடிக்கு 15 பொறி

1897-ல் ஃபிரெடரிக் சிம்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் ஒரு சவாலோடு வந்தார். டி டியோன்-பூட்டோன் என்ற பிரெஞ்சு மூன்று சக்கர வண்டிக்கு மேக்னட்டோ பொருத்த வேண்டும். பிரச்சினை வேகம். அதுவரை மேக்னட்டோக்கள் ஓடியது ஓரிடத்தில் நிற்கும் இன்ஜின்களில். நிமிடத்துக்கு 200 சுற்று போலத்தான். இந்தக் குட்டி இன்ஜினோ 1,800 சுற்று சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. அப்படியானால் நிமிடத்துக்கு 900, வினாடிக்கு 15. கனமான ஆர்மச்சூரை அந்த வேகத்தில் முன்னும் பின்னும் ஆட்டினால் எதுவும் தாங்காது.

பட்டறை மேலாளர் ஆர்னோல்ட் ட்சேரிங்கர் இதற்கு விடை கண்டார். கனமான ஆர்மச்சூரை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, அதற்கும் காந்தத்துக்கும் நடுவில் ஒரு லேசான இரும்பு உறையை மட்டும் ஆட்டினார். காந்தப் புலம் மாறினால் போதும், எது அசைகிறது என்பது ஃபாரடேக்கு முக்கியமில்லையே! அசையும் எடை குறைந்ததும் வேகம் கைக்கு வந்தது. வண்டிகளுக்கான மேக்னட்டோ பிறந்தது. 1898-ல் சிம்ஸோடு சேர்ந்து லண்டனில் அலுவலகம், மறு வருடம் பாரிஸ்.

ஆனால் சிலிண்டருக்குள் நெம்பு வைத்துக் காண்டாக்டைப் பிரிக்கும் முறை இன்னும் வேகமான இன்ஜின்களுக்குச் சரிவரவில்லை. அந்த வேலை கோட்லோப் ஹோனோல்ட் கைக்குப் போனது. சின்ன வயதில் இதே பட்டறையில் பயிற்சிக்கு இருந்த பையன். படித்துவிட்டு 1901-ல் இன்ஜினியராகத் திரும்பி வந்தார். அந்த வருடக் கடைசியிலேயே அவர் செய்து காட்டியது உயர் அழுத்த மேக்னட்டோ. 1902 ஜனவரியில் காப்புரிமை.

அதன் சூட்சுமம் உங்களுக்கு இரண்டாம் வருடப் பாடம்தான். ஒரே ஆர்மச்சூரில் இரண்டு சுருள். தடித்த கம்பியில் சில சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. முதல் சுருளின் மின்சாரத்தைக் காண்டாக்ட் பிரேக்கர் சட்டென்று அறுக்கும். இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். அந்த அழுத்தம், பீங்கான் காப்போடு சிலிண்டர் தலையில் திருகப்பட்ட பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். சிலிண்டருக்குள் அசையும் பாகம் ஒன்றுமே இல்லை. ஸ்பார்க் பிளக் என்ற யோசனை அதற்கு முன்னும் இருந்தது. அதை மேக்னட்டோவோடு இணைத்து, நாள் முழுக்க நம்பி ஓட்டலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது ஹோனோல்ட்.

உங்க மாமா வீட்டில் பழைய புல்லட்டோ எஸ்டியோ இருந்தால் அதன் சிபி பாயிண்ட்டைத் திறந்து பாருங்க. மேக்னட்டோவுக்குப் பதில் பேட்டரியும் காயிலும் இருக்கலாம். பாஷ் கம்பெனியே 1925-ல் பேட்டரி இக்னிஷனுக்கு வந்துவிட்டது. ஆனால் அறுத்தால் அழுத்தம் எழும் என்ற தத்துவம் அதேதான். பாயிண்ட்டுக்கு இணையாக ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கும். அது கெட்டால் பாயிண்ட் கருகும், பொறி சோர்ந்துபோகும்.

பாஷ் பெட்டிகளில் வட்டத்துக்குள் ஒரு சின்னம் பார்த்திருப்பீர்கள். அது என்னவென்று யோசித்ததுண்டா? மேக்னட்டோவின் ஆர்மச்சூர்தான். 1918-ல் அதை வரைந்தவரும் ஹோனோல்ட்தான்.

எட்டு மணி நேரம்

அதற்குப் பிறகு வளர்ச்சி வேகம் எடுத்தது. 1901-ல் 45 பேரோடு முதல் தொழிற்சாலை. 1906-ல் ஒரு லட்சமாவது மேக்னட்டோ. அதே 1906-ல் பாஷ் இன்னொன்றும் செய்தார்: தொழிற்சாலையில் வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். பத்து மணி நேரம் சாதாரணமாக இருந்த காலம் அது. மற்ற முதலாளிகள் முகம் சுளித்தார்கள். சிவப்பு பாஷ் என்று அவருக்குப் பட்டப்பெயரும் வந்தது.

இது வெறும் தர்மம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் ஒரு நாளில் இரண்டு ஷிஃப்ட் ஓட்டலாம். விலை உயர்ந்த மெஷின் சும்மா நிற்காது. களைப்பில்லாத கை கழிவுப் பொருளைக் குறைக்கும். நல்ல கூலி கொடுத்தால் நல்ல வேலைக்காரன் தங்குவான். இப்படிக் கணக்கும் மனசும் ஒரே பக்கம் போகும்படி செய்வது அவருக்கு வந்தது. ஆனாலும் எப்போதும் வந்துவிடவில்லை. 1913-ல் அவர் தொழிற்சாலையிலேயே வேலை நிறுத்தம் வெடித்தது. தொழிலாளர் பக்கம் நிற்பவன் என்று தன்னை நினைத்திருந்தவருக்கு அது பலத்த அடி.

1910-ல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பத்து லட்சம் மார்க் நன்கொடை கொடுத்தார். சொற்களைக் கண்டு பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே கல்லூரிதான்.

போருக்கு முன்பு விற்பனையில் 88 சதவீதம் ஜெர்மனிக்கு வெளியே. 1914-ல் உலகப் போர் வந்தது. வெளிநாட்டுச் சந்தை ஒரே நாளில் அறுந்துபோனது. அமெரிக்காவில் இருந்த கிளை பறிமுதலானது. போரால் வந்த லாபத்தைத் தான் வைத்துக்கொள்ளக்கூடாது என்று நினைத்துப் பெரும் தொகையைப் பொதுக்காரியங்களுக்குக் கொடுத்தார். வீட்டிலும் இருட்டு. நீண்ட நோயில் கிடந்த ஒரே மகன் ராபர்ட் 1921-ல் இறந்தான். 1923-ல் ஹோனோல்ட் போய்ச் சேர்ந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மனைவியோடு இருந்த பிணைப்பும் தளர்ந்து, பின்னர் மணமுறிவில் முடிந்தது. 1927-ல் மறுமணம் செய்துகொண்டார்.

மயிரிழையை விட மெல்லிய இடைவெளி

தனிப்பட்ட வாழ்க்கை இப்படிச் சிதறிக்கிடந்த காலத்தில்தான், அதாவது 1922-ல், டீசல் இன்ஜினுக்கு இன்ஜெக்ஷன் பம்ப் செய்வது என்று பாஷ் முடிவெடுத்தார்.

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினில் எண்ணெயை உள்ளே தள்ள உயர் அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினார். அதற்கு ஒரு பெரிய கம்ப்ரஸர் வேண்டும். கப்பலுக்கும் ஆலைக்கும் சரி, லாரியில் அதை எங்கே வைப்பது?

காற்று இல்லாமல் எண்ணெயை மட்டும் தள்ள வேண்டுமானால், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒரு சில துளி அளவே உள்ள எண்ணெயை, நூறு மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்துக்கு எதிராக, மிகச் சரியான நொடியில் செலுத்த வேண்டும். பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் ஐம்பது, அறுபது மைக்ரானுக்கு மேல். ரப்பர் சீல் எதுவும் இல்லை. இரும்பும் இரும்பும் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தி நிற்பதே சீல். அதனால்தான் பம்ப் மெக்கானிக் ஒரு பிளஞ்சரை இன்னொரு பேரலில் போட மாட்டார். ஜோடி ஜோடியாகத்தான் மாற்றுவார்.

பிளஞ்சரின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு ராக் நகர்ந்து பிளஞ்சரைக் கொஞ்சம் திருப்பும். சாய்வு வெட்டு துளையைச் சந்திக்கும் இடம் மாறும். எண்ணெயின் அளவு மாறும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் ஒரு சாய்கோட்டால் அளவைக் கட்டுப்படுத்துகிற வேலை. மேக்னட்டோவில் பழகிய நுண்கருவிக் கைகளுக்கு மட்டுமே இது சாத்தியம்.

1927 கடைசியில் பம்ப் தொடர் உற்பத்திக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மன் கார்த் தொழில் சரிந்து, பாஷ் கம்பெனியில் ஏராளமானோர் வேலை இழந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்திலும் ஐந்து வருடம் பலன் தராத ஆராய்ச்சிக்குச் செலவு செய்தது பெரிய துணிச்சல். 1936-ல் டீசலில் ஓடும் மெர்சிடிஸ் 260 டி கார் வந்தபோது அதில் இருந்தது பாஷ் பம்ப்தான். நம்ம ரோட்டில் பல தலைமுறை லாரிகளும் பஸ்களும் ஓடியது இதே வடிவ பம்பின் வாரிசுகளால்.

கசப்பான பக்கம்

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு வெற்றிக் கதையாக முடிந்துவிடும். ஆனால் 1933 வந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

பாஷுக்கு ஹிட்லர்மேல் வெறுப்பு. பிரான்சும் ஜெர்மனியும் சமாதானமாக வாழ வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். 1937-ல் கார்ல் கோர்டெலரைத் தன் கம்பெனியின் ஆலோசகராக எடுத்துக்கொண்டார். பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான சதியில் முக்கியப் புள்ளியாகி உயிரைக் கொடுத்தவர் அந்தக் கோர்டெலர். பாஷின் வலது கையான ஹான்ஸ் வால்ட்ஸும் மற்றவர்களும் யூதர்கள் தப்பிக்கப் பணமும் வழியும் கொடுத்தார்கள். அதற்காக வால்ட்ஸுக்கு இஸ்ரேலின் உயரிய அங்கீகாரம் பின்னர் கிடைத்தது.

அதே கம்பெனிதான் ஜெர்மன் ராணுவத்துக்கு உதிரிபாகங்களும் செய்தது. டீசல் பம்பில் கற்ற வித்தையைப் பெட்ரோலுக்குக் கொண்டுவந்து, 1937-ல் விமான இன்ஜினுக்கான நேரடி இன்ஜெக்ஷனை உற்பத்தி செய்தார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்தில் அது இருந்தது. எதிரே வந்த பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரில் கார்புரேட்டர். விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் கார்புரேட்டரில் பெட்ரோல் இடம் மாறி இன்ஜின் திக்கும். இன்ஜெக்ஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் இன்ஜினியர் 1941-ல் ஒரு சின்னத் துளையிட்ட தடுப்பை வைத்து அந்தக் குறையைப் பெருமளவு சரிக்கட்டும் வரை, பிரிட்டிஷ் விமானிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

போர்க்காலத்தில் பாஷ் தொழிற்சாலைகளில் சுமார் 20,000 பேர் கட்டாயத் தொழிலாளர்களாக வேலை வாங்கப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தவரின் பெயரைத் தாங்கிய கூரைக்குக் கீழே!

இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு பக்கம் எதிர்ப்பாளர்களுக்குப் புகலிடம், இன்னொரு பக்கம் அதே அரசுக்குப் போர்க்கருவி. கம்பெனியை மூடியிருக்கலாமே என்று நாம் இங்கிருந்து சொல்லிவிடலாம். மூடியிருந்தால் நாஜிகளே எடுத்து நடத்தியிருப்பார்கள் என்பதும் உண்மை. நாளை நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் உங்கள் டிசைன் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி வரலாம். நல்லவர் ஒருவர் முதலாளியாக இருப்பது மட்டும் அதற்குப் பதிலாகிவிடாது என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி.

1942 மார்ச் 12-ல், 80 வயதில், காதில் ஏற்பட்ட தொற்று முற்றி ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் இறந்தார். அவர் வெறுத்த அரசே அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தியது. வேண்டாம் என்று சொல்ல அவர் இல்லை.

அவர் பார்க்காத கார்

1954-ல் நியூயார்க் கண்காட்சியில் மெர்சிடிஸ் 300 எஸ்எல் வந்து நின்றது. கதவுகள் பறவைச் சிறகு போல மேலே திறக்கும். ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 3 லிட்டர், சுமார் 215 குதிரைத் திறன். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினில் நேரடி இன்ஜெக்ஷனோடு வரிசையாக உற்பத்தியான முதல் கார் அதுதான். பம்ப் பாஷ். விமானத்தில் கற்றது ரோட்டுக்கு வந்தது. கூபே வடிவத்தில் செய்தது மொத்தம் 1,400 கார்தான்.

அதிலும் ஒரு கோளாறு உண்டு. சாவியைத் திருப்பினால் பொறிதான் நிற்கும். மெக்கானிக்கல் பம்ப், இன்ஜின் சுற்றி ஓயும் வரை பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயிலைக் கழுவி, கீழே ஆயிலோடு கலந்துவிடும். அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டும். பொறியும் எரிபொருளும் ஒரே மூளைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும்.

அந்த மூளை 1967-ல் வந்தது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனியிடம் இருந்த காப்புரிமைகளின் துணையோடு பாஷ் உருவாக்கிய டி-ஜெட்ரானிக், ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அறிமுகமானது. காற்றுக்குழாயின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். எப்போது பீய்ச்ச வேண்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் சொல்லும். எலக்ட்ரானிக் பெட்டி இன்ஜெக்டர்களைத் திறக்கும். அதாவது இக்னிஷனும் இன்ஜெக்ஷனும் ஒரே ஒயரிங்கில் கைகோத்தன. உங்க பிஎஸ்-6 பைக்கின் எஃப்ஐ இதன் பேரப்பிள்ளை.

இப்படிப்பட்ட பழைய காருக்கு ஒயரிங் போடுகிறவர்களுக்குத் தெரியும், தகராறு பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. எர்த் பாயிண்ட்டில் துரு, வெடித்த இன்சுலேஷன், தளர்ந்த முனை, இவைதான். கூலண்ட் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் காட்டும்; சூடாக ஆக ஓம் குறையும். அதன் ஒயரில் துரு ஏறி ரெசிஸ்டன்ஸ் கூடினால், இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று பெட்டி ஏமாந்து பெட்ரோலை அள்ளி ஊற்றும். கரும்புகை வரும். இன்ஜெக்டரைக் கழற்றிக் கிளீன் செய்தாலும் தீராது. முதலில் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

பாஹா போட்டிக்கு வண்டி செய்கிற நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் வண்டியில் இருக்கும் ரிலேயைப் பிடுங்கி அதன் கால்களைப் பாருங்க: 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். 30 பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ், 87 லோடுக்குப் போவது, 85-ம் 86-ம் ரிலே காயிலின் இரு முனை. இக்னிஷன் காயிலில் 15 என்றால் சாவி போட்டதும் வரும் கரண்ட், 1 என்றால் பாயிண்ட் பக்கம், 4 என்றால் பிளக் பக்கம் போகும் உயர் அழுத்தம். இது ஜெர்மன் தரநிலை. மொழி தெரியாத ஊரிலும் எண்ணைப் பார்த்து ஒயர் மாட்டிவிடலாம். கலைச்சொல்லைக் கண்டு பயந்தவரின் ஊரிலிருந்து இது வந்தது எவ்வளவு பொருத்தம்!

பாஷ் எழுதி வைத்த விருப்பத்தின்படி, 1964-ல் கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதி ஓர் அறக்கட்டளைக்குப் போனது. இன்று சுமார் 94 சதவீதம் அதனிடம்தான். லாபத்தின் ஒரு பங்கு மருத்துவமனைக்கும் கல்விக்கும் போகிறது. 1940-ல் அவர் திறந்த ஸ்டுட்கார்ட் மருத்துவமனை இன்னும் நடக்கிறது.

பட்டம் வாங்காதவர், தொழில் பயிற்சி சரியாகக் கிடைக்காதவர், ஆறாவது வருடத்தில் பட்டறையே காலியானவர். அவருக்குக் கடைசிவரை இருந்த பிடிவாதம் ஒன்றுதான்: தன் பெயர் போட்டு வெளியே போகிற பொருள் யாரையும் நடுவழியில் நிறுத்தக்கூடாது. அடுத்த லேபில் ஒரு முனையைக் கிரிம்ப் செய்துவிட்டு எழுந்திருப்பதற்கு முன்னால் அதை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. கையோடு வந்துவிட்டால், திரும்பவும் செய்யுங்க.